ரோண்டாவில் எங்கே நின்று பார்ப்பது? – கேள்வி பதில்

கேள்வி: ஸ்பெயினின் ரோண்டா நகரில் அரை நாள்தான் இருப்போம். கூட்டம் நிற்கும் இடத்தை விட்டு வேறு எங்கே போகலாம்?

பதில்: குவென்கா தோட்டத்துக்குப் போங்கள். ஊரின் நடுவே ஓடும் ஆழமான பள்ளத்தாக்கைக் கடக்கும் 98 மீட்டர் உயரமுள்ள புவென்தே நுவேவோ, அதாவது புதிய பாலத்தை, வருகிறவர்களில் பெரும்பாலோர் மேற்குப் பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பாலத்துக்குக் கிழக்கே, குவாதலெவின் ஆறு பள்ளத்தாக்குக்குள் நுழையும் பக்கத்தில், அதன் விளிம்பில் அடுக்கடுக்காக இறங்கும் இந்தச் சிறு தோட்டத்துக்கு பாலத்திலிருந்து சில நிமிட நடைதான். ஒவ்வொரு அடுக்கிலும் பாலம் சற்றே வேறு கோணத்தில் தெரியும். காலை வெயில் முதலில் பாலத்தின் மேல் வளைவுகளில் பட்டு, மெல்ல மெல்லக் கீழிறங்கும். பாறை இடுக்குகளில் கூடு கட்டியிருக்கும் சிவந்த அலகுக் காகங்கள் உங்கள் காலுக்குக் கீழே பறக்கும். பறவையின் முதுகை மேலிருந்து பார்க்கக் கிடைக்கும் இடங்கள் குறைவு. அங்கிருந்து கீழே இறங்கினால், 1616-இல் கட்டிய பழைய பாலம் வந்துவிடும்.

கேள்வி: பாலம் முழுவதும் அடியிலிருந்து தெரிய வேண்டுமே?

பதில்: பழைய நகரத்தில் மரியா ஆக்சிலியாதோரா சதுக்கத்திலிருந்து ஒரு பாதை இறங்குகிறது. ஆற்றங்கரை வரை போக வேண்டியதில்லை. பாதி வழியிலேயே பாலம் முழுதாகத் தெரிந்துவிடும். பாலத்தின் இந்த மேற்கு முகத்துக்குப் பிற்பகலில்தான் வெளிச்சம். மழை பெய்த மறுநாள் இறங்க வேண்டாம். வழவழப்பான அடியுள்ள செருப்போடு எந்த நாளும் வேண்டாம்.

கேள்வி: சூரிய அஸ்தமனம்?

பதில்: அலமேதா பூங்காவின் மேற்கு விளிம்பு. அங்குள்ள ஒரு பால்கனிக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயரை இங்கே எழுத இயலாது. எட்டிப் பார்த்தவர் வாயில் தானாக வரும் கெட்ட வார்த்தை அது.

கேள்வி: பாலத்தைக் கட்டியவர், பறந்த தொப்பியைப் பிடிக்கப் போய் விழுந்து இறந்தாராமே. எந்த இடத்திலிருந்து என்று காட்டுவார்களா?

பதில்: அப்படி ஓர் இடம் இல்லை. பாலம் 1793-இல் முடிந்தது. அதைக் கட்டிய ஹோசே மார்தின் தே அல்தேவேலா 1802-இல் மாலகா நகரில் இறந்தார்.

கேள்வி: எங்களை அழைத்துப்போன வழிகாட்டியே சொன்னாரே?

பதில்: சொல்வார்கள், கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பள்ளத்தில் நடந்த உண்மையான துயரத்தை இந்தக் கதை மறைத்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். இதற்கு முன் 1735-இல் அங்கே அவசரமாகக் கட்டிய ஒற்றை வளைவுப் பாலம் 1741-இல் இடிந்து, சுமார் 50 பேர் இறந்தார்கள். இப்போதுள்ள பாலம் பள்ளத்தின் அடியிலிருந்தே பாறையோடு பாறையாக எழும்பி நிற்பதை, அந்த விபத்தை நினைத்துக்கொண்டு பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். அல்தேவேலாவை நினைக்க வேண்டுமென்றாலும் குவென்கா தோட்டமே பொருத்தம்: அது பெயர் வாங்கிய குவென்கா நகரில் அவர் முன்பு பணியாற்றியவர்.

கேள்வி: தொப்பி இல்லை, கூடையில் தொங்கிக்கொண்டு பாலத்தைச் சோதித்தபோது விழுந்தார் என்று படித்தேன்.

பதில்: கூடையில் போனாலும் ஆண்டு மாறாது.

கேள்வி: ஆளே இல்லாத இடம் ஏதாவது?

பதில்: ஊருக்கு வெளியே, பள்ளத்தாக்குக்கு அப்பால், பாறையைக் குடைந்து அமைத்த விர்ஹென் தே லா கபேசா என்ற சிறு தேவாலயம் இருக்கிறது. அங்கே நின்றால் ஊர் மலைப்பாறையின் விளிம்பில் வெள்ளைக் கோடாகத் தெரியும். உள்ளே போக முடியாத நேரமாக இருந்தாலும் காட்சியைப் பூட்டிவைக்க முடியாது. நிழல் குறைவு, தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். இங்கும் அந்தச் செருப்பு வேண்டாம்.

கேள்வி: புகைப்படம் எடுக்கச் சிறந்த இடம் எது?

பதில்: முதல் இரண்டு பதில்கள்.

கேள்வி: கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து எடுக்கலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: செவில் நகரப் பேராலயக் கோபுரத்தில் ஏறலாமா?

பதில்: செவில் தெரிந்தவரைக் கேளுங்கள். நான் ரோண்டாவோடு நின்றுகொள்கிறேன்.

கேள்வி: அந்த விளிம்புகளில் காற்று பலமாக வீசுமா?

பதில்: சில நாட்களில் வீசும். தொப்பி பறந்தால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.