கிதாரும் வலக்கையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். மிச்ச நேரமெல்லாம் எலக்ட்ரிக் கிதார்தான். ராக் கிதார்காரர் எடி வான் ஹேலனின் ‘இரப்ஷன்’ என்ற கிதார் சோலோவை (தனி வாசிப்பு) பழகிவருகிறேன். கிதாரின் கழுத்தில் இரண்டு கைகளாலும் தட்டி வாசிக்கும் டேப்பிங்கைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்கிறேன் நான். இல்லை, ‘ஜெனிசிஸ்’ ராக் குழுவின் கிதார்காரர் ஸ்டீவ் ஹாக்கெட் என்கிறான் நண்பன். யார் சொல்வது சரி? எடி அதைப் பதிவுசெய்தபோது அவருக்கு வயது 22. எனக்கு 23 ஆகிவிட்டது, இன்னும் பிறரை நகலெடுக்கத்தான் தெரிகிறது. வேகமும் வரவில்லை. கிதாரை மாற்றிப் பார்க்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

ஹாக்கெட் 1971-லேயே ‘நர்சரி கிரைம்’ இசைத்தட்டில் டேப்பிங் செய்துவிட்டார். அவருக்கும் முன்னால், 1950-களில், ஜிம்மி வெப்ஸ்டர் என்பவர் இரு கைகளாலும் தட்டி வாசித்து, அதற்குப் பாடப்புத்தகமே போட்டார். ‘இரப்ஷன்’ 1978-ல்தான் வந்தது. ஆனால் அந்த ஒன்றே முக்கால் நிமிடத்துக்குப் பிறகுதான் ஊர் உலகமெல்லாம் தட்ட ஆரம்பித்தது. பந்தயம் கட்டியிருந்தால் அந்தப் பணத்தில் இருவரும் டீ குடியுங்கள். யார் முதல் என்பதெல்லாம் வினாடி வினாக்காரர்களின் கவலை.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். கிதாரைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், ‘ரிதம்’, அதாவது பாட்டுக்குத் தாளமாகக் கிதார் வாசிப்பது, அந்தச் சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. எனக்கு வரும் கிதார் கடிதங்கள் எல்லாமே இப்படித்தான். சோலோ, வேகம், விரல். எல்லாம் ஸ்ட்ரிங்கை அழுத்தும் இடக்கை விவகாரம். மீட்டும் வலக்கை ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவில்லை. (கிதார்காரர் ஹெண்ட்ரிக்ஸின் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். இடக்கைக்காரரான அவருக்கு அது இடக்கை.)

ஜிம்மி நோலனைக் கேட்டிருக்கிறீர்களா? பெயரைக் கேட்டிருக்க மாட்டீர்கள், கையைக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். ஓக்லஹோமாக்காரர். ப்ளூஸ் கிதார்காரர் டி-போன் வாக்கரைக் கேட்டுக் கிதாரைக் கையிலெடுத்தவர். வருடக்கணக்கில் ப்ளூஸ் வாசித்தார், ஜானி ஓடிஸ் குழுவில் இருந்தார். நீங்கள் அலுத்துக்கொள்கிறீர்களே நகலெடுப்பது, அதைத்தான் செய்துகொண்டிருந்தார். 1965-ல் ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது 30. சேர்ந்த கையோடு பதிவானது ‘பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்’. அதில் குழு மொத்தமும் சட்டென்று நிற்கும் ஒரு இடம் வரும். கிதார் மட்டும், ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்கள்), சரசரவென்று சுரண்டிவிட்டுப் போகும். சில நொடிகள்தான். மெட்டும் கிடையாது, சோலோவும் கிடையாது.

அது எப்படி வருகிறது என்பதைக் கவனியுங்கள். ‘நைன்த்’ என்ற வகைக் கார்டு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அழுத்தாதீர்கள், விரல்கள் ஸ்ட்ரிங்மேல் சும்மா கிடக்கட்டும். இப்போது வலக்கையால் மேலும் கீழும் விடாமல் ஓட்டுங்கள், ஒரு தாள அளவுக்குப் பதினாறு வீச்சு. வெறும் ‘சக்கு சக்கு’ என்று ஸ்ட்ரிங் உரசும் சத்தம் வரும். நடுவில் எங்காவது ஒரு வீச்சில் மட்டும் இடக்கையை இறுக்கி, உடனே தளர்த்துங்கள். கார்டு ஒரு கணம் பளிச்சென்று கேட்டு அடங்கும். அவ்வளவுதான் விஷயம். தையல் மிஷினில் கால் மிதித்துக்கொண்டே இருக்கும், துணியை எங்கே திருப்புவது என்று கை பார்த்துக்கொள்ளும், இல்லையா? அதுபோல வலக்கை நிற்கவே கூடாது. சத்தம் வராத வீச்சுகளையும் வீசியாக வேண்டும். அதை நான்கு நிமிடம், மணிக்கட்டு இறுகாமல், முந்தாமல் பிந்தாமல் செய்து பாருங்கள். ‘இரப்ஷன்’ எவ்வளவோ தேவலை என்று தோன்றும்.

ப்ளூஸ் சோலோவுக்குப் பழகிய ஒருவருக்கு இது ஏன் வந்தது? ஜேம்ஸ் பிரவுன் அப்போது குழுவிலிருந்த எல்லா வாத்தியத்தையும் டிரம்ஸாகவே கேட்க ஆரம்பித்திருந்தார். பிசிறினால் அபராதம் போடும் ஆசாமி. அந்தக் குழுவில் கிதாருக்குக் கிடைத்தது துளியூண்டு இடம். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு நோலன் ஒரு புதுப் பாஷையையே செய்துவிட்டார். 1979-ல் ‘ஷீக்’ குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாட்டில் நைல் ராட்ஜர்ஸின் கிதாரையும், 2013-ல் ‘கெட் லக்கி’யில் அதே மனிதரையும் கேளுங்கள். நைஜீரியாவின் லாகோஸில் பாடகர் ஃபெலா குட்டியின் கிதார்காரர்கள் ஒரே துணுக்கைக் கால் மணி நேரம் விடாமல் வாசிப்பதையும் கேளுங்கள். எல்லாவற்றிலும் நோலனின் கை இருக்கிறது.

எங்கள் ஊர்த் திருவிழாவில் வருடாவருடம் ஒரு மெல்லிசைக் குழு வரும். முன்னால் இடம் கிடைக்காமல் நாங்கள் மேடைக்குப் பக்கவாட்டில் நிற்போம். அங்கிருந்து தெரிவதெல்லாம் கிதார்காரரின் வலக்கை ஒன்றுதான். டிஸ்கோ பாட்டுக்கெல்லாம் அந்தக் கை இப்படித்தான் ஓடும். அவர் நோலன் பெயரைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார். ஏதோ ஒரு இந்திப் பாட்டிலிருந்து காதால் பிடித்திருப்பார், அவ்வளவுதான். ஒரு வருடம் பாட்டின் நடுவில் அவருடைய ஆம்ப் (கிதாரின் ஒலிபெருக்கி) செத்துப்போனது. டிரம்ஸ் இருந்தது, பேஸ் இருந்தது, பாடகர் பாடிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ஏன் நின்றோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. பாடகர் திரும்பிப் பார்த்து முறைத்தது டிரம்ஸ்காரரை! கடைசியில் அறிவிப்பாளர் எல்லார் பெயரையும் சொன்னார். கிதார்காரர் ‘மற்றும் குழுவினர்’ பட்டியலில் போய்விட்டார்.

தம்பி, 23 வயதில் புதிதாக ஒன்றும் செய்யவில்லையே என்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நகலெடுங்கள், தாராளமாக எடுங்கள். எடுப்பதை முழுசாக எடுங்கள் என்றுதான் சொல்கிறேன். எடி வான் ஹேலனையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘இரப்ஷன்’ வந்த இசைத்தட்டிலேயே டேப்பிங் இல்லாத பாட்டுகளில் அவர் ரிதம் எப்படி வாசிக்கிறார் என்று ஒருநாளாவது கேட்டீர்களா? உங்கள் வேகம் வராததற்குக் காரணம் அங்கே இருக்கிறது. தாளத்தில் நிற்காத கைக்கு வேகம் வந்து என்ன பயன்?

கிதாரை மாற்றுவது பற்றி வேலை கிடைத்த பிறகு யோசிக்கலாம். இப்போதைக்கு ஸ்ட்ரிங்கை மட்டும் மாற்றுங்கள். அப்புறம் ஒரு மாதத்துக்கு நண்பரை டிரம்ஸ் பக்கம் உட்கார வையுங்கள். ஹாக்கெட் பேச்சை எடுத்தால் அபராதம்.