கம்ப்யூட்டர் ஆன் ஆனதுமே யாரும் ஊகிக்க முடியாத ரேண்டம் எண் அதற்கு எங்கிருந்து கிடைக்கிறது?

கேட்டவர் அநேகமாகக் காலேஜ் படிக்கிறவராக இருப்பீர்கள். லேபில் நேரத்தை விதையாக, அதாவது கணக்கு தொடங்கும் எண்ணாகக் கொடுத்து ரேண்டம் எண் எடுக்கச் சொல்லியிருப்பார்கள், நேரம்தான் எல்லாருக்கும் தெரியுமே, அப்புறம் அதில் என்ன ரகசியம் என்று தோன்றியிருக்கும். சரியான சந்தேகம்தான்.

லினக்ஸ் இந்த விதையைக் கணக்குப் போட்டு உண்டாக்குவதில்லை, வெளியிலிருந்து பொறுக்குகிறது. கீபோர்டு, டிஸ்க், நெட்வொர்க்கிலிருந்து இன்டரப்ட் (ப்ராசசரைக் கூப்பிடும் சிக்னல்) வரும் நேரத்தில் இருக்கும் துளித்துளி முன்பின், சிப்புக்குள்ளேயே ரேண்டம் சர்க்யூட் இருந்தால் (இன்டெலில் 2012இன் ஐவி பிரிட்ஜிலிருந்து உண்டு) அது தருவது, எல்லாம் ஒரே தொட்டியில் கலக்கும். இப்போதைய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), ஊகிக்க முடியாத சரக்கு 256 பிட் தேறிவிட்டது என்று மதிப்பிட்டதும் அதை விதையாக்கி, சாச்சா20 என்ற மறையாக்க முறை வழியாக எண்களைக் கொட்டும். அதற்குப் பிறகு வற்றாது. வம்பெல்லாம் ஆன் ஆன முதல் கொஞ்ச நேரத்தில்தான்.

நான் திருப்பூரில் நிட்டிங் கம்பெனிகளுக்கு மிஷின் ஓட்டத்தைக் கணக்கெடுக்கும் சின்ன போர்டுகளைப் பராமரிக்கிறேன். கீபோர்டு கிடையாது, டிஸ்க் கிடையாது, ஒரு எஸ்டி கார்டு, அவ்வளவுதான். ஒரு இடத்தில் கரண்ட் போய் வந்தால் மிஷின் எல்லாம் ஓட ஆரம்பித்துவிடும், எங்கள் டப்பா மட்டும் நிமிடக்கணக்கில் எழவே எழாது. "ஏனுங் தம்பி, ரோலே இறங்கப் போவுது, உங்க டப்பா இன்னும் தூங்குதுங்களே" என்பார் ஓனர். போர்டு சப்ளை செய்தவரோ வோல்டேஜ் சரியில்லை என்று சொல்லி ஒரு ஸ்டெபிலைசரையும் தலையில் கட்டிவிட்டார். சீரியல் கேபிள் போட்டு லாகைப் பார்த்தால், கெர்னல் 4.19, எஸ்எஸ்ஹெச் சர்வர் (தூரத்திலிருந்து உள்ளே நுழைய உதவும் புரோகிராம்) கெர்னலிடம் ரேண்டம் எண் கேட்கும் கெட்ரேண்டம் அழைப்பில் அப்படியே நிற்கிறது. விதை நிரம்பிவிட்டது என்று சொல்லும் "சிஆர்என்ஜி இனிட் டன்" என்ற வரி வந்த நொடியே எல்லாம் எழுந்துகொள்கிறது. பொறுக்க ஒன்றும் கிடைக்காமல் கெர்னல் காத்திருந்திருக்கிறது, வோல்டேஜுக்கு இதில் வேலையே இல்லை.

சப்ளையரின் பையன் சொன்ன வைத்தியம், பழைய லைப்ரரியைப் போட்டு கெர்னலில் ரேண்டம் எண் எடுக்க இருக்கும் இன்னொரு வாசலான யூரேண்டமிலிருந்து எடுக்க வைத்துவிடலாம், அது காத்திருக்காது என்பது. ஆமாம், காத்திருக்காது, விதை நிரம்பாவிட்டாலும் எதையோ கொடுத்துவிடும். அப்படிக் கொடுத்ததன் விளைவு 2012இல் வெளியே வந்தது. ஆராய்ச்சியாளர் நாடியா ஹெனிங்கர் குழுவினர் இணையம் முழுக்கச் சாவிகளைத் திரட்டிப் பார்த்தபோது, ரவுட்டர், ஃபயர்வால் மாதிரி டப்பாக்கள் முதல் பூட்டிலேயே உண்டாக்கிய ஆர்எஸ்ஏ சாவிகள் (இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கிச் செய்பவை) பலவற்றில் ஒரு பகா எண் பொதுவாக இருந்தது. ஸ்கூலில் போட்ட மீ.பொ.வ. கணக்கைப் போட்டாலே இரண்டு சாவியும் உடைந்துவிடும்.

யூரேண்டமே போதும் என்று கமெண்டில் சண்டைக்கு வருகிறவர்களுக்கு: போதும்தான், விதை நிரம்பிய பிறகு. நான் பேசுவது அதற்கு முந்தைய நேரத்தைப் பற்றி. கெர்னல் 5.6இலிருந்து, முன்பு அடிக்கடி காத்திருக்க வைத்த டெவ் ரேண்டம் என்ற வாசலும் ஒருமுறை நிரம்பியதும் நிற்பதில்லை என்பதும் தெரியும்.

கடைசியில் அந்த போர்டின் சிப்பிலேயே ரேண்டம் சர்க்யூட் இருந்தது, டிரைவரைத்தான் யாரும் ஏற்றவில்லை. அதை ஏற்றி, கெர்னலையும் மாற்றினேன். 2019இல் வந்த 5.4இலிருந்து, ஒன்றும் கிடைக்காவிட்டால் கெர்னல் டைமரை ஓடவிட்டு, ப்ராசசர் வேகத்தின் தடுமாற்றத்தையே பொறுக்கிக்கொள்கிறது. இப்போது மிஷினோடு சேர்ந்தே டப்பாவும் எழுகிறது. அதற்கான பில்தான் எழவில்லை. போன் போட்டால் "ஷிப்மென்ட் போகட்டும் தம்பி", ஷிப்மென்ட் போனால் "பார்ட்டி பணம் வரட்டும் தம்பி". ஸ்டெபிலைசருக்கு மட்டும் அன்றைக்கே செக் போட்டார்கள், கண்ணில் தெரிகிற சாமான் இல்லையா.

சரி, போன பூட்டில் சேர்த்ததை எடுத்துவைத்துக்கொள்ளக் கூடாதா என்று தோன்றலாம், அதற்குத்தான் விதைக் கோப்பு. ஷட்டவுனிலும் பூட்டிலும் கொஞ்சம் ரேண்டம் பைட்டுகளை எழுதிவைத்து அடுத்த பூட்டில் கலப்பார்கள், நாளைக்கு என்று எடுத்துவைக்கும் உறைமோர் மாதிரி. ஆனால் பூட்டில் மற்ற புரோகிராம்களை எழுப்பிவிடும் சிஸ்டம்டி வழக்கமாக அதைக் கலக்குமே தவிர அந்த 256 பிட்டில் சேர்த்து எண்ணாது, காரணம் ஒரே எஸ்டி கார்டை நகல் எடுத்து எல்லா போர்டிலும் போடுகிறவர்கள். எங்கள் சப்ளையர் அதைத்தான் செய்திருந்தார், எல்லா டப்பாவிலும் ஒரே எஸ்எஸ்ஹெச் சாவி. நீங்களும் கார்டு நகல் எடுப்பதாக இருந்தால், அதற்கு முன் ஹோஸ்ட் சாவிகள் (அந்த எஸ்எஸ்ஹெச் சாவிகள்தான்), விதைக் கோப்பு, மெஷின் ஐடி (போர்டின் அடையாள எண்) மூன்றையும் அழித்துவிடுங்கள். முதல் பூட்டில் ஹோஸ்ட் சாவி தானாக உண்டாகிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா லினக்ஸ் டிஸ்ட்ரோவிலும் அது நடப்பதில்லை.