ஜெபிக்க வாய் வரவில்லை, நான் பின்வாங்கிவிட்டேனா?

கேள்வி: ஒன்றரை வருடமாக என் கணவர் படுக்கையில் இருக்கிறார். என் வேலையும் போய்விட்டது. ஜெபக்குழுவில் ஒரு சகோதரி, "ஏதோ மறைவான பாவம் இருக்கிறது, அறிக்கையிடுங்கள்" என்கிறார். இப்போது வேதத்தைத் திறந்தாலே கோபம் வருகிறது. நான் விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப் போய்விட்டேனா?

பதில்: அன்புச் சகோதரி, இல்லை. பின்வாங்கிப் போனவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கடிதம் எழுதுவதில்லை.

முதலில் அந்த "மறைவான பாவம்" பேச்சைத் தள்ளிவைப்போம். வேதத்தில் யோபு என்ற நல்ல மனிதர் பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்து உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்க்க வந்த நண்பர்கள் 7 நாள் இரவும் பகலும் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை நல்ல நண்பர்கள்தான். வாயைத் திறந்த பிறகுதான் வினை! உங்கள் ஜெபக்குழுச் சகோதரி சொன்னதையே பக்கம் பக்கமாகச் சொன்னார்கள். கடைசியில் கர்த்தர் யாரைக் கண்டித்தார்? பிறந்த நாளையே சபித்த யோபு பேசியதுதான் சரி, நீங்கள் என்னைக்குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று அந்த நண்பர்களைத்தான்.

அப்புறம், கோபம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று வேதத்தின் ஜெபப்பாட்டுகளில் ஒன்றான 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதமோ ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபமாகத்தான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். கோபத்தை அவரிடமே சொல்கிறவரை நீங்கள் அவரை விட்டுப் போகவில்லை.

எலியா தீர்க்கதரிசியை நாம் கர்மேல் மலையில்தான் அதிகம் பிரசங்கிக்கிறோம், அங்கே அவர் ஜெபிக்க வானத்திலிருந்து அக்கினி இறங்குகிறது அல்லவா! அடுத்த அதிகாரத்தில் அதே மனிதர் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பினான், தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், குடித்தார், திரும்பவும் படுத்துக்கொண்டார். அதற்கும் திட்டு விழவில்லை. இரண்டாம் தடவையும் சாப்பாடுதான், "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்ற வார்த்தையோடு. ஏன் இப்படி ஆனாய் என்று அங்கே யாரும் விசாரிக்கவில்லை.

நீங்கள் கடைசியாக எப்போது ஒழுங்காகத் தூங்கினீர்கள்? கடிதத்தில் கணவருடைய மருந்து வேளை எல்லாம் இருக்கிறது, உங்கள் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தூக்கம் பல நாளாக வரவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது. நீளமாக ஜெபிக்க முடியாவிட்டால் விடுங்கள். பிள்ளைக்காக இயேசுவிடம் வந்த தகப்பன் ஒரே வரிதான் சொன்னான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அது போதுமானதாக இருந்தது, பிள்ளை சுகமானான்.

சரி, ஜெபக்குழுவுக்கு? கொஞ்ச நாள் போகாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் தனியாக இருக்காதீர்கள். சபையில் அதிகம் பேசாத ஒருவர் இருப்பார், அவரைக் கூப்பிடுங்கள். வாரத்தில் ஒரு சாயங்காலம் உங்கள் கணவர் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்கட்டும். நீங்கள் அடுத்த அறையில் படுத்துத் தூங்குங்கள்.