இங்கிலாந்தின் சவுத்சீயில் கடலோரம் ஏன் இவ்வளவு பெரிய வெற்றுப் புல்வெளி?

சவுத்சீ என்பது போர்ட்ஸ்மவுத் துறைமுக நகரின் கடலோரக் குடியிருப்புப் பகுதி. 1544-இல் எட்டாம் ஹென்றி இங்கே ஒரு கோட்டை கட்டினார். பீரங்கி சுட எதிரே மறைப்பு இருக்கக் கூடாது. அதனால் ராணுவம் சுற்றிலும் கட்டடம் எழும்ப விடவில்லை. உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே வீடு கட்ட விடமாட்டார்களே, அந்த மாதிரிதான்.

19-ஆம் நூற்றாண்டில் தாமஸ் எல்லிஸ் ஓவன் என்ற கட்டடக் கலைஞர் வெள்ளைப் பூச்சு வீடுகளையும் வளைந்து போகும் தெருக்களையும் அமைத்தார். எல்லாம் புல்வெளிக்குப் பின்னால். நெரிசலான பழைய நகரை விட்டுக் கடற்படை அதிகாரிகள் அங்கே குடியேறினார்கள். அப்புறம் 1882-இல் ஆர்தர் கானன் டாயில் மருத்துவராக வந்தார். அவர் கதைகளில் படைத்த துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் பிறந்தது இங்கேதான்!

இந்தப் புல்வெளி சுற்றுலாவுக்காகத் திட்டமிட்ட பூங்கா என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, விடுமுறைக் கூட்டம் வந்தது பிற்பாடு. இடம் காலியாகக் கிடந்தது பீரங்கிக்காக.