நாலு மணிக்கு வந்துவிடுகிற வேலை

வணக்கம் சார்.

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியை. பதினேழு வருட சர்வீஸ். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் என் பொறுப்பு. நாலரை மணிக்கு எழுந்து சமையலை முடித்துவிட்டு 22 கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போகிறேன். வருகைப் பதிவை ஆப்பில் போடுவதற்குச் சிக்னல் தேடிப் புளியமரத்தடிக்கு ஓட வேண்டும். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் மதிப்பீட்டையும் ஆப்பில்தான் ஏற்ற வேண்டும். பள்ளி விவரங்களை ஆன்லைனில் ஏற்றும் எமிஸ் வேலை குறைந்துவிட்டது என்கிறார்கள். குறைந்த இடத்தில் வேறு ஏதாவது வந்து உட்கார்ந்துகொள்கிறது. ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸ்ஆப் குரூப்பில் ‘மிக அவசரம், நாளை காலை 10 மணிக்குள்’ என்று ஒரு படிவம் வரும். போன நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்கு என்னை பி.எல்.ஓ.வாக, அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலராகப் போட்டார்கள். பள்ளி விட்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வீடு வீடாகப் போனேன்.

போன மாதம் என் வகுப்பில் ஒரு பையன் முதல்முறையாக ஒரு பத்தியைத் திக்காமல் வாசித்தான். வருஷம் முழுக்க அவனோடு போராடியிருக்கிறேன். ஆனால் சந்தோஷமே வரவில்லை. மதிப்பீட்டை ஏற்றிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். என் மகள் பத்தாம் வகுப்பு. ‘அம்மா, என்கிட்ட மிஸ் மாதிரி பேசாதே’ என்று அழுகிறாள். மாலையில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே போகப் பிடிக்காமல் இல்லை, முடியவில்லை.

இருபது வருடம் முடிந்ததும் விருப்ப ஓய்வு கொடுத்துவிடலாமா? தியானம் செய்யச் சொல்கிறார்கள், பலன் இருக்குமா? எனக்கு இந்த வேலை பிடிக்காமல் போய்விட்டதா? நீங்கள் ஒரு டீச்சரின் மகன் என்று எழுதியிருந்ததைப் படித்ததால் கேட்கிறேன். இத்தனை புலம்பினாலும் நாத்தனார் மகளை பி.எட். சேரச் சொல்லியிருக்கிறேன். என்ன இருந்தாலும் பெண்களுக்கு ஏற்ற வேலை, வீட்டையும் பார்த்துக்கொள்ளலாம். நீளமாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

ஹெல்மெட் வரியைப் படித்ததும் கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். மறுநாள்தான் மிச்சத்தைப் படித்தேன். என் அம்மாவிடம் ஹெல்மெட் கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மைல் நடந்து வருவாள். வந்ததும் வாசற்படியில் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்துவிடுவாள். தோளில் பை அப்படியே இருக்கும். நான் ஓடிப்போய் “பசிக்குதும்மா” என்று பையைப் பிடித்து இழுப்பேன். அது நாளைக்கு ஒருமுறை அவளுக்குக் கிடைத்த ஐந்து நிமிடம் என்று நாற்பது வருடம் கழித்து உங்கள் கடிதம் வந்துதான் எனக்குத் தெரிகிறது.

முதலில் சின்னக் கேள்விகளைத் தள்ளிவிடுகிறேன். தியானம் செய்யுங்கள், செய்யாமலும் இருங்கள். ராத்திரி ஒன்பதரைக்கு வரும் படிவத்தை அது நிறுத்தாது. ‘கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு என்ன புலம்பல்’ என்று இந்தப் பதிலுக்குக் கீழே எழுதப்போகிறவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அந்தச் சம்பளத்தில் கால்பங்குகூட இல்லாமல், கோடை லீவில் அட்மிஷனுக்காக வெயிலில் வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டு அலையும் தனியார் பள்ளி டீச்சர்களைப் பற்றி அவர்கள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. வேலை பிடிக்காமல் போய்விட்டதா என்று கேட்கிறீர்கள். பிடிக்காமல் போனவருக்கு அந்தப் பையன் திக்காமல் வாசித்தது கடிதத்தில் எழுதும் அளவுக்கு நினைவிருக்காது. உங்களுக்குச் சந்தோஷப்பட நேரம் கொடுக்கவில்லை. அது வேறு விஷயம்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். ‘பெண்களுக்கு ஏற்ற வேலை, வீட்டையும் பார்த்துக்கொள்ளலாம்.’ இதை எப்படி டீச்சர் எழுதினீர்கள்? இரண்டு பக்கத்துக்கு உங்கள் மூச்சு திணறுவதைச் சொல்லிவிட்டு, அந்தக் கயிற்றையே எடுத்து நாத்தனார் மகள் கையில் கொடுக்கிறீர்களே?

என் அம்மாவைப் பெண் பார்க்க வந்தபோது தரகர் என் அப்பாவழிப் பாட்டியிடம் சொன்னாராம்: “டீச்சர் வேலைதானே, பத்து மணிக்குப் போனா நாலு மணிக்கு வந்துரும். சோறு தண்ணிக்குத் தொந்தரவு இருக்காது.” பாட்டி அதை ஒரு வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டாள். அம்மா ஐந்தரைக்கு வந்தால் ஒன்றரை மணி நேரம் எங்கே போனது என்று கேட்பாள். யாரும் கெட்டவர்கள் இல்லை. அப்படிச் சொல்லித்தான் பெண்ணைக் கொண்டுவந்திருந்தார்கள்.

இந்த ஒரு வாக்கியத்தைப் பள்ளிக்கூடமும் நம்புகிறது, வீடும் நம்புகிறது. நாலு மணிக்கு மேல் டீச்சருக்கு என்ன வேலை என்று அலுவலகம் நினைத்துப் படிவம் அனுப்புகிறது. நாலு மணிக்கு மேல் என்ன வேலை என்று வீடு நினைத்து அடுப்பைக் காட்டுகிறது. ஒரே வயலை ஒரே போகத்துக்கு இரண்டு பேரிடம் ஒத்திக்கு விட்டமாதிரி. இரண்டு பேரும் ஏர் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள், இரண்டு பேர் கையிலும் பத்திரம் இருக்கிறது.

இத்தனைக்கும் நாலு மணி வேலை என்பது சட்டத்திலேயே கிடையாது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஆசிரியருக்கு வாரம் குறைந்தது 45 மணி நேர வேலை, பாடத் தயாரிப்பையும் சேர்த்து என்று இருக்கிறது. அந்தத் தயாரிப்பு எங்கே நடக்கிறது? உங்கள் வீட்டில், குக்கர் விசிலுக்கும் மகளின் சந்தேகத்துக்கும் நடுவில். அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு எந்தக் கல்வி சாராத வேலைக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. அதற்கும் முன்னால், 2007இல் உச்ச நீதிமன்றம் தேர்தல் ஆணைய வழக்கு ஒன்றில் ஆசிரியர்களை விடுமுறை நாளிலும் பாடம் இல்லாத நாளிலும் மட்டுமே வாக்காளர் பட்டியல், தேர்தல் வேலைகளுக்குப் பயன்படுத்த வேண்டும் என்று சொன்னது. பிள்ளைகளின் படிப்பைக் காப்பாற்றிய தீர்ப்பு, அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் வகுப்பறையைக் காப்பாற்ற எடுத்துக் கொடுத்தது யாருடைய நாளை? உங்கள் ஞாயிற்றுக்கிழமையை. அந்த நாளுக்குச் சொந்தமாக ஒரு வீடு இருக்கிறது, அங்கே ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

2027 கணக்கெடுப்பு வருகிறது, மொபைல் ஆப்பிலேயே எடுக்கப்போகிறார்கள் என்று செய்திகளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1981தான் ஞாபகம் வருகிறது. அந்த பிப்ரவரியில் எனக்கு ஒன்பது வயது. கரிசல்காட்டில் ஒரு சின்ன ஊர். அம்மா அங்கிருந்து பஸ் ஏறிப் போய் ஈராசிரியர் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியையாக இருந்தாள். கணக்கெடுப்புக்கு மட்டும் எங்கள் ஊரையே அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். கணக்கெடுப்பு தொடங்கி மூன்றாம் நாள் எனக்கு மணல்வாரி போட்டுவிட்டது.

அம்மை கண்ட வீட்டில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நிலைப்படியில் வேப்பிலை செருகுவார்கள். மூன்று தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீட்டுக்காரர்கள் அடுத்த வீட்டுப் படி ஏற மாட்டார்கள். அம்மாவோ ஊரில் அத்தனை வீட்டுப் படியும் ஏறியாக வேண்டும். மேலே ஆள் அனுப்பிக் கேட்டாள். மாற்று ஆள் இல்லை, தேதிக்குள் முடித்தாக வேண்டும் என்று பதில் வந்தது. அப்பா கூட்டுறவு சங்கத்தில் கணக்கு முடிக்கிற நேரம், லீவு போட முடியாது என்றார். அவர் முயற்சி செய்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அம்மா எங்கள் வாசலில் வேப்பிலை செருகவில்லை. என்னை உள்ளறையில் படுக்க வைத்து, “சத்தம் போடாம இருக்கணும் சாமி” என்றாள். கேட்டவர்களிடம் நான் ஆச்சி வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். மஞ்சள் தேய்த்துக் குளித்து வேறு சேலை மாற்றிக்கொண்டு தாள்களோடு கிளம்புவாள். ஒரு தெரு முடிந்ததும் பின்கொல்லை வழியாக வந்து வேப்பங்கொழுந்தால் என் முதுகைத் தடவிவிட்டு மறுபடி போவாள். கிழக்குத்தெருவில் யார் வீட்டு வாசலிலோ நின்றுகொண்டு, “வீட்டுல பிள்ளைங்க எத்தனை, எல்லாரும் நல்லா இருக்காங்களா” என்று அவள் கேட்பது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்கும். அத்தனை கனிவான குரல். எனக்கு அந்தக் குரல் மீது வந்த வெறுப்பு லேசில் போகவில்லை, கல்லூரி முடிக்கும்வரை இருந்தது.

கடைசி ராத்திரி அரிக்கேன் விளக்கில் எங்கள் வீட்டுத் தாளை எழுதினாள். ஊரில் பல பெண்கள், காட்டிலும் களத்திலும் கிடந்து உழைத்தவர்கள்கூட, “நான் சும்மாதான் இருக்கேன் டீச்சர்” என்று சொன்னதை அப்பாவிடம் சொல்லி வருத்தப்பட்டது எனக்குக் கேட்டது. பின்னாளில் அந்தப் படிவத்தைத் தேடிப் படித்தேன். வருஷத்தில் பெரும்பகுதி வேலைக்குப் போகாதவர் என்றால் ‘வீட்டு வேலை’ என்று குறிக்க அதில் இடம் உண்டு. வேலைக்குப் போகிறவர் என்றால் அந்த இடம் கிடையாது. அம்மா தன் பெயருக்கு எதிரே ஆசிரியை என்று எழுதியிருப்பாள். மாவாட்டியது, தண்ணீர் சுமந்தது, என் முதுகைத் தடவியது எதையும் எழுதத் தாளில் கட்டம் இல்லை.

அந்தக் கட்டத்தைப் பின்னால் வேறு ஒரு கணக்கில் போட்டார்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 289 நிமிடம் அதில் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். உங்கள் நாலரை மணியிலிருந்து எண்ணிப் பாருங்கள், சரியாக வரும்.

உங்கள் மகள் சொன்னதை நீங்கள் அவமானமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வேண்டாம். 1985இல் அமெரிக்காவில் கிரீன்ஹவுஸ், பியூட்டெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேலைக்கும் குடும்பத்துக்கும் வரும் மோதலை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்று நேரம் போதாமை. ஒன்று, அங்கே பட்ட களைப்பு இங்கே வந்து இறங்குவது. இந்த இரண்டும் யாருக்கும் புரியும். மூன்றாவதை நாம் கவனிப்பதே இல்லை: ஓர் இடத்துக்குத் தேவையான நடத்தை இன்னோர் இடத்துக்குப் பொருந்தாமல் போவது. இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைத்திருக்கிறீர்கள். அங்கே குரல் உயர வேண்டும், பதில் உடனே வர வேண்டும், தவறை அப்போதே திருத்த வேண்டும். அது உங்கள் தொழில், அதில் நீங்கள் தேர்ந்தவர். அந்தக் குரலைக் கழற்றி வைக்க ஒரு மனுஷிக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். ஹெல்மெட்டோடு நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அங்கே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். ஐந்து நிமிடம் போதவில்லை. அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், வாசலில் இல்லை, வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. அந்த அரைமணிக்கு அடுப்படியில் யார் நிற்பது என்பதை உங்கள் வீட்டில் பேசுங்கள். உங்கள் கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குற்றமாகவும் இல்லை, நன்றியாகவும் இல்லை. எனக்கு அது நெருடிக்கொண்டே இருக்கிறது.

மகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள். நான் அம்மாவிடம் அந்தக் குரலைப் பற்றிக் கேட்டபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “வீட்டுக்கு வர்றப்ப மிச்சம் இருந்ததைத்தானடா உனக்குக் குடுத்தேன்” என்றாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியும்.

ராத்திரிப் படிவங்களைப் பொறுத்தவரை, தனியாக மறுக்காதீர்கள், மெமோ வரும். உங்கள் ஒன்றியத்தில் இதே குரூப்பில் இருக்கும் டீச்சர்கள் சேர்ந்து, ஏழு மணிக்கு மேல் வரும் எதற்கும் மறுநாள் பள்ளி நேரத்தில்தான் பதில் என்று சங்கத்தின் மூலம் எழுதிக் கொடுங்கள். ஆண் ஆசிரியர்களையும் கையெழுத்துப் போட வையுங்கள். அவர்கள் வீட்டிலும் அந்தப் படிவம் நிரம்பும் நேரத்தில் வேறு யாரோதான் பிள்ளையைத் தூங்க வைக்கிறார்கள்.

நாத்தனார் மகளுக்கு இன்றே போன் போடுங்கள். அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் பிடிக்குமா என்று கேளுங்கள். பிடிக்கும் என்றால் தாராளமாக பி.எட். சேரட்டும், நானே புத்தகம் வாங்கி அனுப்புகிறேன். ஆனால் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது, நாலு மணிக்கு வந்துவிடுவாள் என்று உங்கள் வாயால் சொல்லாதீர்கள்.

விருப்ப ஓய்வு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, இந்தக் களைப்பில் முடிவு செய்ய வேண்டிய விஷயமில்லை அது. மகளுக்குப் பொதுத்தேர்வு முடியட்டும். மே மாதம் உங்களை எந்தப் பயிற்சிக்கும் கூப்பிடாமல் ஒரு வாரம் கிடைத்தால், தூங்கி எழுந்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அப்போது பேசலாம். அந்தப் பையன் இப்போது என்ன வாசிக்கிறான் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்.