கொடியை யாருக்காக இறக்கினீர்கள்?

கேள்வி: என் மனைவிக்கு வயது 47. ஒன்பது மாதங்களுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு பக்க மார்பையும் அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, இனி பயமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் அந்தப் பக்கத்துக் கை தோளுக்கு மேல் எழவில்லை. வாசற்படி தாண்டுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. நான் அவளை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. சமையல் என் அம்மா. மொட்டைமாடியில் இருந்த துணிக்கொடியைக்கூட அவிழ்த்து, கொல்லைப்புறத்தில் அவள் இடுப்பு உயரத்துக்குக் கட்டியிருக்கிறேன். கையைத் தூக்க வேண்டியதில்லை, அக்கம்பக்கத்தார் கண்ணிலும் படாது. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பயிற்சி செய்தால் கை வீங்கிவிடும் என்கிறார் அம்மா. அவளுக்கு மனத்தைரியம் வர நான் என்ன சொல்ல வேண்டும்?
— பெயர் வெளியிட வேண்டாம், கும்பகோணம்

பதில்: நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். இடத்துக்காகச் சுருக்கியிருக்கிறேன். சுருக்கியதில் போனவை பெரும்பாலும் நீங்கள் செய்த பணிவிடைகள். அவற்றை நான் சந்தேகிக்கவில்லை. இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்குப் பல வருடங்களாக வந்துகொண்டிருக்கிறது. "ராணி மாதிரி வைத்திருக்கிறேன், ஆனாலும் முகம் வாடியே இருக்கிறது" என்பார்கள். உங்கள் கடிதத்தில் புதிதாக இருந்தது துணிக்கொடி ஒன்றுதான். அதைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன்.

முதலில் உயரம். அக்குளில் கணுக்களை எடுத்த இடம் ஆறும்போது தசையும் தோலும் சுருங்கி இறுகும். கதிர்வீச்சு அதை இன்னும் இறுக்கும். வலிக்கிறதே என்று கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டால் தோள்மூட்டும் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அறுவைச் சிகிச்சைக்கு மறுநாளே விரல்களை மடக்கி விரிக்கவும் முழங்கையை நீட்டி மடக்கவும் சொல்லித்தருகிறார்கள். நீர் வடிவதற்காக வைத்த குழாயை எடுத்த பிறகு, சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் எறும்பு ஏறுவதுபோல ஏற்றிக்கொண்டே போய், எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்வார்கள். நாளுக்கு நாள் அந்தக் கோடு மேலே போக வேண்டும். உங்களுக்கும் வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்திருப்பார்கள். அது எங்கே இருக்கிறது? பில்களோடு கோப்பில் பத்திரமாக இருக்கும்.

மருத்துவமனை அந்தக் கையைத் தினமும் கொஞ்சம் மேலே கொண்டுபோகப் பார்த்தது. நீங்கள் கொடியையே கீழே கொண்டுவந்துவிட்டீர்கள். மேலே போக அந்தக் கைக்கு உங்கள் வீட்டில் ஒரு வேலையும் மிச்சமில்லை. இடுப்பு உயரக் கொடிக்கு இடுப்பு உயரக் கை போதும் என்று அதுவும் நின்றுவிட்டது. இதற்குப் பெயர் அன்பு என்றால், நோய்க்கு மருந்து கண்டுபிடித்தவர்கள் அன்புக்கும் ஒன்று கண்டுபிடிக்க வேண்டும்.

வீக்கம் பற்றி உங்கள் அம்மா சொல்வதை நான் கேலி செய்யவில்லை. ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள். கனம் தூக்காதே, அந்தக் கைக்கு வேலை கொடுக்காதே என்று. 1996-இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கன்சி என்ற விளையாட்டு மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைத் திரட்டிப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்து, டிராகன் படகு என்ற, பலர் சேர்ந்து துடுப்புப் போடும் நீளப் படகில் துடுப்புப் போடவைத்தார். துடுப்புப் போடுவது கையின் வேலை, அதுவும் திரும்பத் திரும்ப ஒரே வேலை. பயந்தபடி கைகள் வீங்கவில்லை. 2009-இல் அமெரிக்காவில், ஏற்கெனவே கைவீக்கம் உள்ள 141 பெண்களிடம் எடைப்பயிற்சி பற்றி ஓர் ஆய்வு நடந்தது. எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீரென்று மோசமாகும் தொல்லை குறையவும் செய்தது. 2021-இல் பிரிட்டனில் 392 பெண்களிடம் நடந்த ஆய்வு வெளியானது. அறுவை முடிந்த ஏழாம் நாள், பத்தாம் நாளிலேயே முறையான பயிற்சியைத் தொடங்கியவர்களுக்கு ஓராண்டு கழித்துக் கை நன்றாக வேலை செய்தது. இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். மாமியார் வாயால் "கையைத் தூக்கு" என்று ஒரு சொல் வந்தால், என் பத்து பதிலை விட அது பெரிது.

இதற்காக நாளைக்கே தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஒன்பது மாதம் இறுகிய தோள் அது. முதலில் இயன்முறை மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) கூட்டிப்போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதற்கென்று பிரிவு இருக்கிறது. அக்குளிலிருந்து கை வழியாகக் கயிறுபோல ஏதாவது இழுக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். இருந்தால் அதையும் சரிசெய்யலாம். வளையலோ மோதிரமோ இறுகத் தொடங்கினால், கை கனத்தால், மருத்துவரிடம் சொல்லுங்கள். கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றே போக வேண்டும், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

உயரத்தைப் பற்றி இவ்வளவுதான். எனக்குக் கோபம் கொடியின் இடத்தைப் பற்றி.

"அக்கம்பக்கத்தார் கண்ணிலும் படாது." எது படாது? அந்தக் கொடியில் உங்கள் வேட்டி காய்கிறது, மகளின் சுடிதார் காய்கிறது. அவற்றை யார் பார்த்தால் என்ன? மறைக்க நினைத்தது ஒரே ஒரு துணியை. ஒரு பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த உள்ளாடையை. அதற்காக வீட்டுத் துணி மொத்தத்தையும் வெயிலிலிருந்து கொல்லைக்கு இறக்கினீர்கள். அந்தப் பெண் தினமும் குனிந்து அங்கே துணி உலர்த்தும்போது அவருக்கு என்ன புரிந்திருக்கும்? நோய் போய்விட்டது, வெட்கப்பட வேண்டிய பொருளாக நான் மட்டும் மிஞ்சியிருக்கிறேன் என்றுதானே? இதைச் செய்துவிட்டு, அவர் வாசற்படி தாண்டுவதில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

மகளின் கல்யாணத்துக்காக என்பீர்கள். குடும்பம் என்றால் என்ன என்பதில் நான் பழைய ஆள். பிள்ளைகள் கரையேற வேண்டும், அதற்குப் பெற்றவர்கள் சிரமப்பட வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் தாயை ஒளித்துவைத்துக் கட்டும் தாலி எனக்குச் சம்மதமில்லை. சம்பந்தி வீட்டுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு தெரியவந்தால், அதற்கான பேச்சைக் கேட்கப்போவது நீங்களா, உங்கள் மகளா? மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான். உங்கள் மனைவிக்கு ஐம்பது வயதுக்குள் வந்திருப்பதால் மரபணுப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இதை மகளுக்காகக் கேட்க வேண்டும், வரனுக்காக அல்ல. மறைத்துவைத்த வீட்டில் இந்தக் கேள்வியை யாருமே கேட்பதில்லை.

என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம். நான்கு பக்கத்தில் அந்தத் தழும்பை நீங்கள் பார்த்ததாக ஒரு வரி இல்லை. மனைவியின் உடம்பு எப்படி இருந்தாலும் முகம் திருப்பாமல் பார்ப்பது புருஷனின் கடமை என்பது என் எண்ணம். அவருக்குச் சம்மதமானால் பாருங்கள், எண்ணெய் தடவிவிடுங்கள். தைரியத்தைப் பற்றிப் பேசுவதற்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிவைத்த அடையாறு புற்றுநோய் நிலையத்தில் புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. சென்னை தூரம் என்றால் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம். தூக்கமில்லை, பசியில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால் தள்ளிப்போடவே கூடாது.

இன்னொன்று, இதே வழியில் போய்வந்த ஒரு பெண்ணைச் சந்திக்கவையுங்கள். சிகிச்சை பெற்ற இடத்தில் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். அமெரிக்காவில் டெரீஸ் லாசர் என்ற பெண் 1952-இல் மார்பு அகற்றப்பட்ட பிறகு, தன்னைப் போன்ற பெண்களை மருத்துவமனைப் படுக்கையிலேயே போய்ப் பார்க்க ஆரம்பித்தார். அந்த இயக்கத்தில் பார்க்கப்போகிறவர்கள் கொண்டுபோன பையில் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள ஒரு பஞ்சுத் திண்டு இருக்கும், பிசைய ஒரு ரப்பர் பந்து இருக்கும், கையைத் தூக்கிப் பழக ஒரு கயிறும் இருக்கும். அதே கயிறுதான் ஐயா, நீங்கள் அவிழ்த்து இறக்கியது.

இயன்முறை மருத்துவர் சரி என்றதும் கொடியை மாடிக்குக் கொண்டுபோங்கள். முதல் வாரம் அவர் மார்பு உயரம். பிறகு வாரத்துக்கு இரண்டு விரற்கடை ஏற்றுங்கள். வலித்தால் அந்த வாரம் ஏற்ற வேண்டாம். ஆரம்பத்தில் கைக்குட்டை, துண்டு, பாவாடை. எட்டுமுழ ஈர வேட்டி கனம், அதை ஒரு முனை நீங்களும் ஒரு முனை அவருமாகப் பிடித்து உதறிப் போடுங்கள். அந்த உள்ளாடையும் அங்கேயே, வெயில் படுகிற நடு இடத்தில் காயட்டும். சாயங்காலம் வாரத்துக்கு மூன்று நாளாவது மகாமகக் குளத்தைச் சுற்றி அரை மணி நேரம் இருவருமாக நடந்துவிட்டு வாருங்கள். அது உடம்பின் சோர்வையும் மனச்சோர்வையும் குறைக்கும். வழியில் யாராவது விசாரித்தால் அவர் பதில் சொல்வார், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

கடிதத்தை மூடும் முன் மறுபடி தேடிப் பார்த்தேன். வலது கையா, இடது கையா என்று எங்கேயும் நீங்கள் எழுதவில்லை. இயன்முறை மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார். அவரையே சொல்ல விடுங்கள்.