மகன் போன் எடுக்கலன்னா அன்பு இல்லன்னு அர்த்தமா?

கேள்வி: அக்கா வணக்கம். மன்னார்குடி பக்கம் கிராமம், எனக்கு 56 வயசு. ஒரே பையன், சிங்கப்பூர்ல கட்டட வேலை. முன்னாடி தினமும் வாட்ஸ்அப்ல பேசுவான், இப்ப வாரத்துக்கு ரெண்டு தடவ, அதுவும் அஞ்சு நிமிசம். சீரியல் முடிச்சிட்டு ஒம்பதரைக்கு நான் கூப்புட்டா எடுக்கறதே இல்ல. போன வாரம் பேசுனப்ப ஷூ கடிச்சு காலு புண்ணாயிடுச்சுன்னான், அதுக்குள்ள எனக்கு அழுக வந்துடுச்சு, வச்சிட்டான். நான் அவன் மேல உசுரையே வச்சிருக்கேன், அவனுக்கு அந்த அன்பு இல்லையா?

பதில்: தங்கச்சின்னு உரிமையோட சொல்றேன், மொதல்ல கடிகாரத்தப் பாருங்க. சிங்கப்பூர் நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னால. உங்க ஒம்பதரை அவனுக்கு ராத்திரி 12. விடிஞ்சா சைட்டுக்கு ஓடணும், தூங்குவானா போன எடுப்பானா? சாயங்காலம் 6 மணிக்கு கூப்புடுங்க, அங்க எட்டரை, குளிச்சு சாப்புட்டு ஒக்காந்திருப்பான்.

இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க. அவன் எடுத்ததும் மொத வார்த்த என்ன சொல்றீங்க, "ஏன்டா பேசல, அம்மாவ மறந்துட்டியா"ன்னுதானே? என் மக கல்யாணமாகி கோயமுத்தூர் போன புதுசுல நானும் அதேதான். ஒருநாள் "ஒன் போன் வந்தாலே வட்டிக்காரன் வந்த மாதிரி இருக்கும்மா"ன்னுட்டா. சுருக்குன்னுச்சு, ரெண்டு நாள் பேசல. அப்பறம் யோசிச்சா அவ சாப்புட்டாளா, தலவலி போச்சான்னு நான் கேட்டே பல நாளாச்சு, எனக்கு வேண்டியதத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

எங்க அப்பாயிக்கு அஞ்சு புள்ள, அஞ்சும் வெளியூரு, போனும் கெடையாது, பொங்கலுக்கு ஒரு கடுதாசி வந்தா உண்டு. ஏக்கம் இல்லாமலா இருந்திருக்கும்? ஆனா சம்பா நடவு வந்துட்டா விடியகாலைல நீராகாரத்துல மோர் ஊத்தி, சின்ன வெங்காயமும் பச்சமொளகாயும் நசுக்கிப் போட்டு ஒரு குண்டான் நெறைய திண்ணைல வச்சிடும், நடவுக்குப் போற பொம்பளைங்க நின்னு ஆளுக்கு ஒரு சொம்பு குடிச்சிட்டுப் போவாங்க. (எல்லாருக்கும் ஒரே சொம்புதான், அந்தக் காலத்துல அதுக்கே தெருவுல பேச்சு வாங்கியிருக்கு.) அதுல ஒருத்தி வாயும் வயிறுமா இருந்தா அவளுக்கு மட்டும் தனியா ஒரு துண்டு நார்த்தங்கா. யாரும் நன்றின்னு சொன்னதில்ல, அப்பாயி அதுக்காகக் காத்துக்கிட்டும் நிக்கல, அடுப்ப பாக்க உள்ள போயிடும்.

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவுல திருவாவடுதுறை இருக்குல்ல, அங்க இருந்த திருமூலர், எல்லாராலயும் முடியும்னு நாலு சொல்றாரு: சாமிக்கு ஒரு பச்சில, மாட்டுக்கு ஒரு வாய் புல்லு, திங்கும்போது அடுத்தவங்களுக்கு ஒரு கைப்பிடி, கடைசியா நல்லதா ஒரு பேச்சு. கடல் தாண்டி இருக்குற புள்ளைக்கு அந்தக் கடைசி ஒண்ணதான் அனுப்ப முடியும்.

அழுக வந்தா வரட்டும், தப்பில்ல, பக்கத்து வீட்டுல ஒக்காந்து அழுதுட்டு வாங்க. நாளைக்கு 6 மணிக்கு கூப்புட்டு, கால் புண்ணு ஆறிடுச்சாடா, ஷூ மாத்திட்டியான்னு கேளுங்க. கேட்டுட்டு சும்மா இருங்க, அவன் பேசட்டும்.